உயிர்மூலக்கூற்றுத் தரவகங்களிற் சொல்வழித் தேடல்

அறிவைத் தொகுத்து வைத்தல் ஒன்று. தொகுத்ததினின்று வேண்டியதை வேண்டியபொழுது எடுத்தல் மற்றொன்று. பின்னையது முன்னையதினும் எளிதன்று என்பதை மூலக்கூற்று உயிரியலின் வரலாறு நமக்குப் புலப்படுத்துகின்றது.

1965ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மார்கிறெற் டேகொவ் அம்மையாரும் அவர்தங் குழுவினரும் 65 புரதங்களின் அமினோவமில வரிசைகளை ஒரு நூலாகத் தொகுத்தனர். அதனைப் புரட்டியே வேண்டியதைக் கண்டுகொள்ளலாம். 1982இல் அந்நாட்டில் ஜென்பாங்க் என்னும் தரவகம் நிறுவப்பட்டது. இன்று அதன்கண் உள்ள பதிவுகள் பல கோடி. அவற்றைப் புரட்டிப் பார்க்க மனித ஆயுள் போதாது. இக்குறையைத் தீர்க்கவே 1991இல் என்ட்ரெஸ் என்னும் தேடற்கருவி முதலில் இறுவட்டிலும், பின்னர் இணையத்திலும் வழங்கப்பட்டது.

இக்கருவி பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துத் தேடுவதில்லை. எச்சொல் எப்பதிவுகளில் வருகின்றதென ஓர் அடைவு முன்னரே ஆக்கப்பட்டுள்ளது. நூலின் ஈற்றில் உள்ள சொல்லடைவை அஃது ஒக்கும். எனவே கருவி நாம் இட்ட சொல்லை அறியுமேயன்றி, நம் உள்ளக் கருத்தை அறியாது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். அச்சொல்லை மட்டும் இட்டால், இன்சுலினோடு அதனை ஏற்கும் வாங்கிப் புரதமும், அதனையொத்த வளர்ச்சிக் காரணிகளும் ஒருங்கே வந்து குவியும். பன்றி, எலி, மாடு ஆகியவற்றின் இன்சுலினும் உடன்வரும். சாங்கர் 1950களில் வரிசையறிந்தது மாட்டின் இன்சுலினையே. அது மனித இன்சுலினின்றும் மூன்று அமினோவமிலங்களில் வேறுபடுவது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வானது ஆய்வு அடியிலேயே பிழைபடும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் நான்கு. முதலாவது, சொல்லை உரிய புலத்தில் இடுதல்: மரபணுப் பெயரை மரபணுப் புலத்திலும், உயிரியின் பெயரை உயிரிப் புலத்திலும் இடுக. இரண்டாவது, 19ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பூல் வகுத்த தருக்கத்தின் வழி, 'உம்', 'அல்லது', 'நீங்கலாக' என்னும் பொருள்தரும் இணைப்புகளை ஆளுதல். 'உம்' விடையைச் சுருக்கும், 'அல்லது' விரிக்கும், 'நீங்கலாக' வேண்டாததை விலக்கும். மூன்றாவது, ஒரு பொருளின் பல பெயர்களையும் நினைதல்: பி53 என வழங்கும் புரதத்தின் மரபணுவிற்கு ரிபி53 என்பதே முறைப்பெயர். ஆதலின் இரண்டையும் 'அல்லது' கொண்டு இணைத்துத் தேடுக. நான்காவது, கண்ட பதிவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல்: யூனிப்புரொட் தரவகத்தில் மனித இன்சுலினின் எண் பி01308. பெயர் மயக்கந் தரலாம், எண் தராது.

இத்தரவகங்கள் எவ்வூர் மாணவருக்கும் கட்டணமின்றித் திறந்துள்ளன. செல்வமும் பெருநூலகமும் இல்லாதாரும் இன்று உலகின் முதன்மை ஆய்வாளர் காணும் பதிவையே காணலாம். ஆயின் கருவி எல்லார்க்கும் பொது. வினாவோ அவரவர்க்கே உரியது. ஆதலின், தேடுமுன் தாம் தேடுவது யாதெனத் தெளிதலே மாணவர் முதற்கண் பயிலத்தக்கது.