கழுக்கோல் முனைக்கு முதலில் பூசுங்கள்

ஓட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மரத்துக்கு எதைப் பூசினாலும், அடுத்த தடவை பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூச முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் அந்த டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள். மார்த்தாண்டத்தில் எங்கள் குடும்ப வீட்டைப் பழுதுபார்த்தபோது நான் இதைக் கேட்டேன். அண்ணன்மாரும் காண்ட்ராக்டரும் காதில் வாங்கவில்லை.

கூரையைத் தாங்கும் ஆஞ்சிலிக் கழுக்கோலும் பலாத் தூணும் உள்ள வராந்தா அது. அப்பா இருந்தவரை கழுக்கோல்களுக்கு அண்டி எண்ணெய், அதாவது முந்திரித் தோட்டு எண்ணெய்தான். கறுப்பாக இருக்கும், சிதல் அண்டியதில்லை. காண்ட்ராக்டருக்கு அந்தக் கறுப்பு அசிங்கமாகத் தெரிந்தது. மரத்தை இழைத்து, கண்ணாடிபோல் மின்னும் பாலியூரித்தேன் அடிக்கலாம், பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். அண்ணன்மாருக்கு வளைகுடாவிலிருந்து லீவில் வந்த அவசரம். ஓணம் கழிந்த கையோடு வேலை தொடங்கியது. இடவப்பாதி மழை குடித்த மரம் காயவில்லை. ஐப்பசி மழையும் வாசலுக்கு வந்துவிட்டது. எங்கள் ஆசாரி ஒருவர்தான் வாய் திறந்தார்: “டீச்சரே, ஈரத்த உள்ள வச்சுப் பூட்டப் போறாவ. இப்பம் வேண்டாம்.” அவருக்கு என்ன தெரியும் என்றார்கள். அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பளபளப்பு பால்போல் வெளுத்துக் கொப்புளித்தது. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தத் தெளிந்த படலத்தைத் தாண்டி மரத்தின் லிக்னினைச் சிதைக்கிறது. படலம் பிடிப்பு விட்டு வெடிக்கிறது. வெடிப்பில் மழைநீர் இறங்கும். ஏறிய வேகத்தில் வெளியேறாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணத்துக்கு அதுவே போதும். இறவாரத்தில் நீட்டி நிற்கும் கழுக்கோல் முனைகள்தான் முதலில் போயின. வெட்டுமுனையில் நார்க்குழாய்கள் திறந்தே இருப்பதால் பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாக அது நீரை இழுக்கும். காண்ட்ராக்டரின் ஆட்கள் கீழிருந்து பார்த்தால் தெரியும் பக்கங்களுக்கு இரண்டு பூச்சு அடித்திருந்தார்கள், முனைகளைத் தொடவேயில்லை. அடித்த செலவைவிடச் சுரண்டிய செலவு அதிகம். அழுகிய முனைகளை வெட்டிப் புது ஆஞ்சிலி சேர்த்த கூலி தனி. பத்து வருஷம் என்று சொன்னவர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

இனி நான் செய்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஈரம் போக நன்றாகக் காயவிட்டு, மறுபடி அண்டி எண்ணெய்க்கே வந்தேன். முந்திரி மரம் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. இன்று நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலைகள் பல உண்டு. அங்கே பருப்பை எடுத்தபின் எஞ்சும் தோட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய். சூடாக்கினால் அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கார்டனாலாக மாறும். கார்டனால் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல இறுகும். பீனால் வகை என்பதால் பூச்சிக்கும் ஆகாது. வள்ளங்களுக்கு நம் கடற்கரையில் இந்த எண்ணெயைப் பூசிவந்ததும் இதனால்தான். கப்பலின் அடிப்பகுதிக்கு அடிக்கும் எபாக்சி பெயிண்டை இறுக்கும் பொருளைக்கூட இன்று கார்டனாலிலிருந்து செய்கிறார்கள். பழைய காலத்துச் சமாச்சாரம் என்று சிரித்தவர்கள் இதைப் படிக்கட்டும்.

வாங்கும்போது ஐ.எஸ். 840 தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். பச்சை எண்ணெய் தோலைப் பொசுக்கும். அண்டி ஆபீசில் வேலை செய்து கை கறுத்துப்போன பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் பட்டதை உங்கள் வேலையாள் பட வேண்டாம். கையுறை வாங்கிக் கொடுங்கள், அது உங்கள் பொறுப்பு. முதல் பூச்சில் டர்பென்டைன் கலந்து நீர்க்க அடித்தால் உள்ளே இறங்கும். முனைகளுக்கு முதலில் பூசுங்கள், குடிக்கும்வரை திரும்பத் திரும்பப் பூசுங்கள். அது இறுகியபின் இரண்டாம் பூச்சு. நெல் போடும் அறப்புரையின் உட்புறத்துக்கும், கை படும் கைப்பிடிகளுக்கும் இது வேண்டாம்.

கதவு, தட்டுமச்சு போன்ற உள்வேலைக்கு ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் போதும். 1924-இல் ஸ்பென்சர் ஹாட்ச் இங்கே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தொடங்கிய கிராம மறுசீரமைப்புப் பணியில் வளர்ந்த தேனீ வளர்ப்பு, மார்த்தாண்டம் தேனுக்குப் பேர் வாங்கித் தந்தது. தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகையும் கேட்டு வாங்குங்கள். 60 பாகைக்குச் சற்று மேல் உருகும். நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போடுங்கள்.

பூசும் காலம் தை முதல் பங்குனி வரை மட்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு மழை, நமக்கு இரண்டு. ஈரம் அளக்கும் மீட்டரை மரத்தில் வைத்து 18-க்குக் கீழே காட்டினால் மட்டுமே தூரிகையை எடுங்கள். லீவு முடிகிறது, பால்காய்ப்பு நாள் குறித்தாயிற்று என்று யார் அவசரப்படுத்தினாலும் அசையாதீர்கள்.

“அப்போ வருஷா வருஷம் இதே வேலையா?” என்று அண்ணன் இன்னும் கேட்கிறார். கழுக்கோல் முனைகளுக்கு வருஷம் ஒரு தடவை, வேண்டும்தான். ஏணி, தூரிகை, ஓர் ஆளின் ஒருநாள் கூலி. சுரண்டல் கிடையாது, பழைய பூச்சின் மேலேயே புதியது பிடித்துக்கொள்ளும். அந்த ஒருநாளில் ஓட்டுக்கு அடியில் கண்ணும் போய்விடுவதால் நழுவிய ஓடும் சிதல் புற்றும் சின்னதாக இருக்கும்போதே அகப்படும். பத்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டுக் கூரையைப் பத்து வருஷம் யாரும் பார்க்கப்போவதில்லை என்றுதான் அதற்குப் பொருள். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.