எதிர் வீட்டுக் கதவு

ஈப்போவில் பிறந்து வளர்ந்த அந்த இளந்தம்பதியர், திருமணமான மூன்றாம் மாதமே ஜெர்மனிக்குப் புறப்பட்டனர். கணவருக்குக் கொலோன் நகரில் பொறியியலாளர் பணி; மனைவிக்கு அங்கேயே முதுகலைப் படிப்பு. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதக் குளிரில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் அவர்களின் இல்லறம் தொடங்கியது.

அந்நாட்டில் வீட்டு எண்ணைவிட வீட்டாரின் குடும்பப் பெயர்தான் முக்கியம். அழைப்பு மணிக்கு அருகில் அந்தப் பெயரைத்தான் ஒட்டி வைப்பார்கள். தமிழருக்குக் குடும்பப் பெயர் ஏது? எனவே, அவர்கள் வீட்டு மணியருகே கணவருடைய தந்தையின் பெயர் ஒட்டப்பட்டது. எதிர் வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக வசித்தார். மாடிப்படியில் எதிர்ப்படும்போது இரு தரப்பினரும் தலையசைத்துக் கொள்வார்கள். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. அரிசி வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு நாள். அந்த ஓய்வை நாட்டின் அரசியலமைப்புச் சட்டமே பாதுகாக்கிறது. அன்று பேரங்காடிகள் அடைத்திருக்கும். சுவரில் துளையிடுதல் போன்ற ஓசை மிகுந்த வேலைகளையும் அன்று செய்யக்கூடாது.

“நம் ஊரில் ஞாயிறு என்றால் சந்தை, உறவினர் வீடு என்று பொழுது போய்விடும். இங்கே என்னங்க செய்வது?” என்று மனைவி கேட்டார்.

“ஊரைச் சுற்றிப் பார்ப்போம். கடைதான் அடைத்திருக்கிறது, இரயில் ஓடுகிறதே!” என்றார் கணவர்.

அன்று முதல் வார இறுதிகள் பயண நாள்களாயின. முதலில் சொந்த நகரத்தைப் பார்த்தார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுள்ள கொலோன் பேராலயத்தைக் கட்டும் பணி 1248இல் தொடங்கியது. நிறைவு பெற்றதோ 1880இல்தான். இடையில் ஏறக்குறைய 300 ஆண்டுகள் வேலையே நடக்கவில்லை. 157 மீட்டர் உயரமுள்ள அந்த ஆலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 533 படிகள் ஏறி, ரைன் ஆற்றைக் கண்குளிரக் கண்டார்கள். அடுத்த வாரம், இசைமேதை பேத்தோவன் 1770இல் பிறந்த பான் நகருக்குச் சென்றார்கள்.

மே மாதம் ஒரு புதிய வாய்ப்பு வந்தது. அப்போது மாதம் 49 யூரோவுக்கு ஒரே பயணச்சீட்டு கிடைத்தது. அதைக் கொண்டு நாடு முழுவதும் நகரப் பேருந்துகளிலும் வட்டார இரயில்களிலும் பயணம் செய்யலாம். விரைவு இரயில்களுக்கு மட்டும் அது செல்லாது. மெதுவாகப் போனாலும் செலவு கையைக் கடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் குன்றுக்குச் சென்றார்கள். அது ஆக்கென் நகருக்கு அருகில், ஏறத்தாழ 322 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஓர் எல்லைக்கல் நிற்கிறது. ஷெங்கன் உடன்பாட்டின் பயனாக, கடப்பிதழை நீட்டி வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. மனைவி அந்தக் கல்லைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூன்று நாடுகளையும் சுற்றி வந்தாயிற்று! “ஜொகூர்ப் பாலத்தில் நாம் காத்திருந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள்” என்று கூறிச் சிரித்தார்.

பிறகு பிரசல்ஸ், ஆம்ஸ்டர்டாம், லக்சம்பர்க், பாரிஸ் என்று பயணங்கள் நீண்டன. விரைவு இரயில் சீட்டுகளை முன்னதாகவே பதிவு செய்தால் விலை குறைவு என்பதையும் கற்றுக்கொண்டார்கள். போய் வந்த இடங்களின் படங்கள் வரவேற்பறைச் சுவரை நிறைத்தன.

கோடைத் தொடக்கத்தில் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவுக்குச் சென்றார்கள். கொலோனிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர இரயில் பயணம், பிறகு பேருந்து. தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே 17 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்து நின்றது. போரினால் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள் எழுப்பிய அந்த ஆலயத்திற்கு 2002இல் குடமுழுக்கு நடந்தது. தேர் அசைந்து வந்தபோது மனைவிக்குக் கண் கலங்கியது. அருகில் நின்ற முதிய அம்மையார் ஒருவர் அதைக் கவனித்தார்.

“எங்கேயிருந்து வந்தனீங்கள், பிள்ளை?”

“மலேசியாவிலிருந்து, அம்மா. இப்போது கொலோனில் இருக்கிறோம். உங்களுக்கெல்லாம் இங்கே கோயில் இருக்கிறது, சொந்தங்கள் இருக்கின்றன. எங்களுக்குத்தான் யாருமில்லை.”

அம்மையார் புன்னகைத்தார். “நாங்கள் வந்த காலத்தில கோயிலும் இல்லை, மொழியும் தெரியாது. முதலில எங்களுக்குத் துணையாக இருந்தது பக்கத்து வீட்டுச் சனம்தான். உங்கட பக்கத்து வீட்டில ஆர் இருக்கினம்?”

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் தேரைப் பார்த்தார். இருவருக்கும் விடை தெரியவில்லை. மணியருகே ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைத் தவிர, அந்த மூதாட்டியைப் பற்றி அவர்கள் எதுவுமே அறிந்திருக்கவில்லை.

வீடு திரும்பும்போது, “அவரிடம் ஒரு நாள் பேச வேண்டும்” என்று முடிவு செய்தார்கள். ஆனால், அடுத்த வார இறுதிக்கு வேறு பயணச்சீட்டு தயாராக இருந்தது. அதற்கடுத்த வாரத்திற்கும் அப்படியே.

இலையுதிர்காலம் வந்தது. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று கடை திறக்காது என்பதால், சனிக்கிழமை காலையிலேயே கணவர் அரிசிமாவும் எண்ணெயும் வாங்கி வந்தார். மனைவி, ஊரிலிருந்து கொண்டு வந்த முறுக்கு அச்சை எடுத்தார். காணொலி அழைப்பில் அம்மா பக்குவம் சொன்னார். அங்கே ஏழு மணி நேரம் முந்தி, ஈப்போவில் இரவாகிவிட்டது. திரையில் அத்தை, சித்தி, பிள்ளைகள் என்று வீடு நிறைந்திருந்தது.

“நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யாரெல்லாம் வருகிறார்கள், அம்மா?” என்று தாய் கேட்டார்.

“யாரும் இல்லைம்மா. நாங்கள் இருவர்தான்.”

அழைப்பு முடிந்த பிறகு மனைவி நெடுநேரம் பேசவில்லை. ஊரில் தீபாவளி என்றால் திறந்த இல்ல உபசரிப்பு. சீனரும் மலாய்க்காரரும் பலகாரத் தட்டைச் சுற்றி அமர்ந்திருப்பார்கள். இங்கே பத்து மாதங்களில் ஐந்து நாடுகளைப் பார்த்தவர்களின் வீட்டுக்குள், ஒருவர்கூட வந்ததில்லை.

மாலை ஆறு மணிக்கு அழைப்பு மணி ஒலித்தது.

“எண்ணெய் வாடை படிக்கட்டு வரை போயிருக்கும். யாரோ குறை சொல்ல வந்திருக்கிறார்கள்” என்று மனைவி பதறினார். கணவர் தயங்கியபடி கதவைத் திறந்தார்.

வாசலில் நான்கு சிறுவர்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வண்ணத்தாளால் செய்த விளக்கு. அவர்கள் ஒரே குரலில் பாடத் தொடங்கினர். பின்னால், எதிர் வீட்டு மூதாட்டி சிரித்துக்கொண்டு நின்றார். அவர்களுள் ஒருவன் அவருடைய பேரன்.

பாட்டு முடிந்ததும் மூதாட்டி விளக்கினார். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் கொடுத்த போர்வீரர் அவர். அவர் நினைவாகப் பிள்ளைகள் விளக்கேந்தி ஊர்வலம் போவார்கள். வீடு வீடாகப் பாடி, இனிப்பு பெறுவதும் இவ்வட்டார வழக்கம்.

வீட்டில் மிட்டாய் இல்லை. மனைவி உள்ளே ஓடி, சூடான முறுக்குத் தட்டைக் கொண்டு வந்து நீட்டினார். பேரன் ஒன்றை எடுத்து, விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “பாட்டி, இது குட்டிப் பிரெட்சல்!” என்று கூவினான். எல்லோரும் சிரித்தார்கள்.

மனைவி, தமக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் மெல்லச் சொன்னார்: “நாளை எங்கள் விளக்குத் திருநாள். நீங்கள் வர வேண்டும்.”

“பத்து மாதங்களாக உங்களை அழைக்க வேண்டும் என்று நினைத்தேன். நீங்கள் வார இறுதியில் வீட்டில் இருப்பதே இல்லையே!” என்றார் மூதாட்டி.

மறுநாள், ஜெர்மானியர் காப்பி அருந்தும் பிற்பகல் வேளையில், அவர் ஆப்பிள் கேக்குடன் வந்தார். பேரன் தன் காகித விளக்கை அகல் விளக்கின் பக்கத்தில் வைத்தான். மூதாட்டி, மணியருகே இருந்த பெயரைச் சொல்லிக் கணவரை மரியாதையுடன் விளித்தார்.

“அது என் அப்பாவின் பெயர்” என்று கணவர் சிரித்தார்.

“அப்படியானால் உங்கள் பெயர் என்ன?”

அன்றுதான் அவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் அறிந்துகொண்டார்கள்.

இரவு அம்மா மீண்டும் அழைத்தார். மனைவி திறன்பேசியைத் திருப்பி, மேசையைக் காட்டினார். பாதி உண்ட கேக், காலியான முறுக்குத் தட்டு, சுவரில் சாய்ந்திருந்த காகித விளக்கு. “விருந்தாளிகள் இப்போதுதான் போனார்கள்ம்மா” என்றார். குரலில் பெருமிதம் தெரிந்தது.

கருத்துணர் கேள்விகள்

1. தம்பதியர் வார இறுதியில் பயணம் செய்யத் தொடங்கியதற்குக் காரணம் என்ன?
2. “கணவர் தேரைப் பார்த்தார்” என்னும் தொடர் அவருடைய எந்த மனநிலையைக் காட்டுகிறது?
3. புனித மார்ட்டின் நாளுக்கும் நம் நாட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கும் உள்ள ஒற்றுமைகள் இரண்டனை எழுதுக.
4. உன் அண்டை வீட்டாரைப் பற்றி நீ அறிந்தவை யாவை? அவர்களுடன் உறவை வளர்க்க நீ என்ன செய்வாய்? குழுவில் கலந்துரையாடுக.