நாலுவழிச் சாலையா, ஏரிக்கரைப் பாதையா?

பொங்கலுக்கு முந்தின நாள் மாலை. திண்டிவனத்தைத் தாண்டினதும் வண்டிகள் ஊர்கின்றன. சுங்கச்சாவடி வரைக்கும் இதே கதைதான் என்று யாரோ சொல்கிறார்கள். உடனே ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார். திரையில் நீலக்கோடு ஒன்று நெடுஞ்சாலையை விட்டு விலகி, பெயர் தெரியாத நாலைந்து ஊர்களுக்குள் நுழைந்து, விழுப்புரத்தில் போய் முடிகிறது. "இப்படிப் போனா சீக்கிரம் போயிடலாம்" என்கிறார். பின்னிருக்கையிலிருந்து மாமா தடுக்கிறார்: "வேணாம்பா, நல்ல ரோட்டை விட்டுட்டு எதுக்கு ஏரிக்கரையில போகணும்?"

இரண்டு பேரும் ஒரு நம்பிக்கையின் மேல் நின்றுதான் பேசுகிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வண்டி ஓட்டுபவர்களிடம் இப்படிப்பட்ட நம்பிக்கைகள் நிறைய. அவற்றில் ஆறை எடுத்துச் சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: தார் போட்ட சாலைதான் பாதுகாப்பு, மண் சாலை ஆபத்து.

உண்மை: தார் தருவது வேகத்தை. பாதுகாப்பை ஓட்டுபவர்தான் தர வேண்டும்.

100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரே நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி கழிந்துவிடும். அந்த நேரத்தில் 40 கி.மீ. வேகத்து வண்டி 11 மீட்டர்தான் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் விசைக்குப் பின்னாலிருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. நாலுவழிச் சாலையில் ஓரமாக விளக்கில்லாமல் நிற்கும் லாரியும், ஒரு கிலோமீட்டர் சுற்றுவதற்குச் சோம்பி எதிர்ப்புறத்தில் வரும் பைக்கும், விடியற்காலை மூன்று மணித் தூக்கமும் உயிரைக் குடிப்பது இந்தக் கணக்கினால்தான். குண்டும் குழியுமான பாதையில் யாரும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தூங்கிப்போவதில்லை.

கிராமத்துத் தார் சாலைக்கு வேறொரு முகமும் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் அந்தச் சாலைதான் களம். பாதி அகலத்துக்கு நெல் காயும், உளுந்துச் செடி பரப்பியிருக்கும், நெல்லைச் சுற்றிக் கருங்கல் அணை கட்டியிருக்கும். இருட்டிய பிறகு அந்தக் கல் கண்ணில் படாது. காய்ந்த செடியின் மேல் பைக் டயர் சறுக்கும். காருக்கு அடியில் சிக்கிய செடி சூடான புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. விவசாயிக்குக் களம் கட்டிக் கொடுக்காமல் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த மாதங்களில் உள்வழியை இரவில் தவிர்ப்பது நம் கையில் இருக்கிறது.

நம்பிக்கை 2: குறுக்கு வழியில் போனால் நேரமும் சுங்கப் பணமும் மிச்சம்.

உண்மை: தூரம் குறைவது வேறு, நேரம் குறைவது வேறு.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கி.மீ. சராசரி 80 கி.மீ. வேகத்தில் போனால் அரை மணி நேரம். உள்வழி 35 கி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் வேகத்தடை, வளைவு, ஆட்டு மந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்தால் சராசரி 30 கி.மீ. கூடத் தேறாது. 70 நிமிடம் ஆகிவிடும். சாதாரண நாளில் இந்தப் பேரத்தில் யாருக்கும் லாபமில்லை.

நெரிசல் நாளில் லாபம் உண்டு என்பது பாதி உண்மை. முதலில் திரும்பிய பத்து வண்டிக்கு உண்டு. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று தொடங்கியது. அதில் போடப்பட்ட கிராமச் சாலைகளின் தார்ப்பரப்பு பெரும்பாலும் 3.75 மீட்டர், அதாவது ஒரு வண்டி அகலம். எதிரே இன்னொன்று வந்தால் ஏதாவது ஒன்று மண் ஓரத்தில் இறங்கியாக வேண்டும். முண்டியம்பாக்கம், பெரியசெவலை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் ஒன்று வந்துவிட்டால் அது இறங்காது, இறங்கவும் முடியாது. பின்னால் ஐம்பது கார்கள் சேர்ந்துவிட்டால் முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் போக வழியில்லை. அந்த ஊரில் பிரசவ வலியோடு ஒரு பெண் 108-க்காகக் காத்திருந்தால் அந்த வண்டியும் உள்ளே வர முடியாது. ஊர்ச் சாலை முதலில் ஊர்க்காரர்களுக்குத்தான்.

நம்பிக்கை 3: மண் சாலை எல்லாம் ஒரே மாதிரிதான்.

உண்மை: மண்ணுக்கு மண் குணம் மாறும்.

வானூர், திருவக்கரை பக்கம் செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலம். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் அந்தப் பூமியில் மழை பெய்தால் தண்ணீர் வழிந்தோடிவிடும். ஒரு வெயில் அடித்தால் பாதை இறுகிவிடும். ஆனால் வழிந்தோடும் தண்ணீர் குறுக்கே அறுத்துவிட்டுப் போகும் பள்ளம் அங்கே ஆபத்து. நேற்று இல்லாத பள்ளம் இன்று முழங்கால் ஆழத்துக்கு இருக்கும்.

ஏரிக்குக் கீழே உள்ள நஞ்சையில் நிலைமை வேறு. அங்கே களிமண். வறண்ட வைகாசியில் சிமெண்டுத் தரை போல இறுகிக் கிடக்கும். ஐப்பசியில் ஒரு மழைக்கே வெண்ணெயாகிவிடும். மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஒரு வாரத்துக்கு ஈரம் நிற்கும். டயர் வரிகளுக்குள் களிமண் அப்பிக்கொண்டால் எந்த டயரும் வழுக்கை டயர்தான்.

என் அப்பா சைக்கிளில் போகிற காலத்தில் வண்டிப்பாட்டை தொடங்கும் இடத்தில் இறங்குவார். பத்தடி தள்ளிக்கொண்டு போய், முன்சக்கரத்தில் ஒட்டின மண்ணைக் குச்சியால் தட்டுவார். உதிர்ந்தால் ஏறி மிதிப்பார். ஒட்டிக்கொண்டு இழுத்தால் திரும்பிவிடுவார். மண்ணைச் சோதிக்க இதைவிட எளிய வழியை நான் இதுவரை கற்கவில்லை. காருக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கை 4: மண் சாலையில் வேகமாகப் போனால் குலுக்கல் தெரியாது, அதுதான் வண்டிக்கு நல்லது.

உண்மை: குலுக்கல் குறைவது நிஜம். அதற்குக் கொடுக்கும் விலை பிடிமானம்.

சரளைச் சாலையில் குறுக்கு வாட்டில் வரிவரியாக மேடுபள்ளம் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ராஜஸ்தான் பாலைவனத்திலும் ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சாலைகளிலும் இதே வரிகள் உண்டு. தபெர்லே, மோரிஸ், மெக்கெல்வைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2007-இல் இதை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். சுழலும் மணல் தளத்தின் மேல் ஒரு சக்கரத்தை ஓடவிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே இருந்தது. அதைத் தாண்டியதும் வரிகள் தாமாக எழுந்தன. வண்டியில் ஸ்பிரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி விழத்தான் செய்கிறது. சக்கரத்தின் வேகமே அதற்குப் போதுமான காரணம்.

வேகமாகப் போகும் சக்கரம் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குத் தாவுகிறது. பள்ளத்தில் இறங்காததால் குலுக்கல் குறைகிறது. தாவும் நேரமெல்லாம் டயர் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத டயர் பிரேக்குக்கும் கட்டுப்படாது, ஸ்டீயரிங்குக்கும் கட்டுப்படாது. ஏரிக்கரை வளைவில் அது போதும் கவிழ்வதற்கு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பதினைந்தடிப் பள்ளம் என்றிருக்கும் கரையில் மெதுவாகக் குலுங்கிப் போவதே மேல்.

நம்பிக்கை 5: பெரிய வண்டி, நாலு சக்கர இழுவை இருந்தால் தரைப்பாலத்துத் தண்ணீரில் இறங்கலாம்.

உண்மை: இந்த ஒரு நம்பிக்கை மற்ற ஐந்தையும் விட அதிகக் கேடு செய்வது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய காரின் எடை 1,000 கிலோ. அது மிதக்க 1,000 லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும். காரின் அடிப்பரப்பு ஆறு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே அடித்தட்டுக்கு மேல் சுமார் 16 செ.மீ. தண்ணீர் ஏறினாலே கார் மிதக்கத் தொடங்கும். அடித்தட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 17 செ.மீ. என்றால் மொத்தம் ஓர் அடிக்குச் சற்று மேல். முழங்கால் கூட நனையாத ஆழம். இரண்டடி ஓடும் தண்ணீர் பெரிய வண்டிகளையும் தள்ளிவிடும். மிதக்கும் வண்டிக்கு எத்தனை சக்கரத்தில் இழுவை இருந்தாலும் பயனில்லை. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரை புரண்டது. டிசம்பர் 2 அன்று அரசூர் அருகே சென்னை–திருச்சி நாலுவழிச் சாலையின் மேலேயே வெள்ளம் ஓடி, போக்குவரத்து நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தொட்டதால் ரயில்களும் நின்றன. அன்றைக்கு ஏரிக்கரைப் பாதையும் நாலுவழிச் சாலையும் தண்டவாளமும் ஒரே நிலையில்தான் இருந்தன.

வறண்ட ஊருக்கு இந்தப் பயம் வேண்டாம் என்றும் நினைக்க முடியாது. 2006 ஆகஸ்டில் தார்ப் பாலைவனத்தின் பார்மேர் மாவட்டத்தில் பெய்த மழையில் கவாஸ் என்ற ஊரே மூழ்கியது. மணலுக்கு அடியில் நீர் இறங்காத படுகை இருந்ததால் வெள்ளம் வடிய மாதக்கணக்கானது. பாலைவனத்திலும் பாதையை மூடுவது தண்ணீர்தான் என்றால், ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நம்பிக்கை 6: மேப் காட்டினால் சரியாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் உள்ளூர்க்காரரைக் கேட்டால் போதும்.

உண்மை: மேப்புக்குச் சாலை தெரியும், கலங்கல் தெரியாது. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்து தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுவது அதற்கு உடனே எட்டாது.

உள்ளூர்க்காரரைக் கேட்பது நல்லது. கேட்கும் விதம்தான் முக்கியம். "இந்த ரோடு போகுமாண்ணா?" என்று கேட்டால் "தாராளமா போகும்" என்றுதான் பதில் வரும். அவர் போவது டி.வி.எஸ். ஐம்பதில். உங்கள் காரின் அடித்தட்டு உயரமும், குடும்பத்தோடு நீங்கள் ஏற்றியிருக்கும் சுமையும் அவருக்குத் தெரியாது. டீக்கடையில் வேறு மாதிரி கேளுங்கள்: "காலைல டவுன் பஸ் வந்துச்சாண்ணா? பால் வண்டி போச்சா?" பஸ் வந்திருந்தால் பாலம் தெளிவாக இருக்கிறது, அகலம் இருக்கிறது, சேறு இல்லை. ஒரே கேள்வியில் மூன்று பதில். பஸ் பாதியில் திரும்பிவிட்டது என்றால் நீங்களும் திரும்புங்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

ஆக, எந்த வழி?

இரவென்றால், மழைக்காலமென்றால், கூட முதியவரோ குழந்தையோ நோயாளியோ இருந்தால், நெடுஞ்சாலை. அங்கே விபத்து நடந்தாலும் உதவி சீக்கிரம் எட்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாலையோரத்திலேயே இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற உதவி எண் உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் இதே சாலையிலுள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பகலென்றால், வெயில் காய்ந்த பாதையென்றால், அவசரமில்லையென்றால், ஏரிக்கரை வழியே நிதானமாகப் போகலாம். தாரா மண்ணா என்பது இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பிறகு வருகிற கேள்வி.

நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தரைப்பாலத்தின் இரு முனையிலும் அடிக்கணக்கு எழுதிய அளவுக் கம்பம் ஒன்று நடுங்கள். ஓர் அடிக் குறிக்குச் சிவப்பு வண்ணம் அடியுங்கள். பெரிய செலவில்லை. கம்பமும் சிமெண்டும் ஒரு டப்பா பெயிண்டும் போதும்.

அந்தக் கம்பம் வரும்வரை, வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் மனதில் ஒரு கம்பத்தை நட்டுக்கொள்ள வேண்டும். பாலத்தின் கைப்பிடிக் கல்லோ சாலையோர வெள்ளைக் கல்லோ கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். வண்டியைத் திருப்புங்கள். வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர்வீர்கள்.