கம்பம் பள்ளத்தாக்கையே வரையச் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

இந்தப் பருவத்தில் தேனியில் பொறியியல் மாணவர்களுக்குக் கணினி வரைகலை நடத்தப் போகிறாய். லேப் பயிற்சிகளைத் தனித்தனியாக நடத்துவதா, ஒரே புராஜெக்டாகக் கொடுப்பதா என்று கேட்டிருந்தாய். ஒரே புராஜெக்ட் கொடு. கம்பம் பள்ளத்தாக்கைத் திரையில் எழுப்பச் சொல்.

கோடு, வட்டம், சுழலும் கனசதுரம் என்று பிரித்துக் கொடுத்தால் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து நிரல் வந்துவிடும். படம் சரியா என்று தெரியாமல் மாணவன் உன் முகத்தைப் பார்ப்பான். சின்னமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கோ மேகமலை எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். மலை இடம் மாறி நின்றால் அவளே பிடித்துவிடுவாள். தவறைத் தானே காண்பவள்தான் தானே திருத்தக் கற்றுக்கொள்வாள்.

தரவு இலவசமாகக் கிடைக்கிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றிவந்து, உலகின் பெரும்பகுதி நிலத்தின் உயரத்தை ராடாரால் அளந்தது. அந்த அளவுகள் அட்சரேகை, தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு ஒரு கோப்பாகக் கிடைக்கின்றன. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் எல்லாம் ஒரு கோப்பில் வரும். தேனியும் போடியும் 10 பாகை அட்சரேகையைச் சற்றே தாண்டியிருப்பதால் வடக்குக் கோப்பில் இருக்கும். இரண்டையும் ஒட்டுவதே முதல் வேலை.

முதலில் அலங்கோலமாகத்தான் வரும். ஒவ்வொரு உயரமும் இரண்டு பைட். அவற்றை வரிசை மாற்றி வாசித்தால் திரை முழுக்கக் குப்பை. அதைச் சரிசெய்த பின் மலைகள் ஊசி ஊசியாக நிற்கும். புள்ளிகளுக்கு நடுவே சுமார் 30 மீட்டர் இருப்பதை மறந்து, அந்த இடைவெளியையும் ஒரு மீட்டர் உயரத்தையும் ஒரே அலகாக வைத்திருப்பார்கள். நீ திருத்தாதே. "மேகமலை இப்படியா இருக்கு?" என்று மட்டும் கேள்.

ஒரு கோப்பில் 3601க்கு 3601, அதாவது ஏறக்குறைய 1.3 கோடி புள்ளிகள். லேப் கணினி திணறட்டும். எட்டுக்கு ஒன்றாக எடுத்தால் இரண்டு லட்சம்தான். தூரத்து மலைக்கு இத்தனை முக்கோணம் எதற்கு என்ற யோசனை அப்போது அவர்களிடமிருந்தே வரும்.

ஒளிப் பாடத்துக்கு மட்டும் அவசரப்படாதே. ஒரு பரப்பு எவ்வளவு வெளிச்சம் பெறும் என்பது, அதன் செங்குத்துக் கோட்டுக்கும் ஒளி வரும் திசைக்கும் உள்ள கோணத்தின் கோசைனைப் பொறுத்தது. லாம்பர்ட் 1760இல் எழுதிய விதி இது. காலை வெயில் கிழக்கே மேகமலையைத் தாண்டி வந்து மேற்கே கம்பம்மெட்டுச் சரிவில் விழுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். நிரலில் ஒரு குறி மாறினால் அந்தச் சரிவு காலையிலேயே இருண்டு கிடக்கும். காரணத்தை அவர்களே தேடுவார்கள்.

பிறகு சாயங்காலத்தைக் காட்டச் சொல். மேற்கு மலையின் நிழல் வயலில் விழ வேண்டும், விழாது. அந்த விதி ஒவ்வொரு முக்கோணத்தையும் தனியாகத்தான் பார்க்கிறது. நடுவில் மலை மறிப்பது அதற்குத் தெரியாது. "நிழல் எங்க சார்?" என்று ஒருவராவது கேட்கும்வரை காத்திரு. கேட்டதும், லான்ஸ் வில்லியம்ஸ் 1978இல் சொன்ன வழியைக் கற்றுக்கொடு: சூரியன் இருக்கும் இடத்திலிருந்து பள்ளத்தாக்கைப் பார், அங்கிருந்து தெரியாத இடமெல்லாம் நிழல். தானாகக் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் பரீட்சையோடு போய்விடாது.

மூன்று பேருக்கு ஒரு குழு போதும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் போடாதே. வைவாவில் நிரலின் ஒரு வரியை மாற்று, ஓடவிடும் முன் "இப்ப என்ன ஆகும்?" என்று ஒவ்வொருவரையும் கேள். தமிழில் சொல்லட்டும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவர் அங்கே நின்றுவிடுவார். புரிந்து எழுதியவர் சொல்லிவிடுவார்.

கடைசியாக, ஊர்ப் பெயர் எதையும் எழுதாமல் அந்தப் படத்தை வீட்டில் காட்டச் சொல். தோட்டத்துக்குப் போய்வரும் அப்பாவோ அம்மாவோ பார்த்து, இது இன்ன இடம் என்று தாங்களாகச் சொன்னால் முழு மதிப்பெண் போடு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்