சதுரங்க விதிகளும் அவற்றின் காரணங்களும்

சதுரங்கத்தில் இருவகை விதிகள் உள. குதிரை இவ்வாறு பாயும், சிப்பாய் இவ்வாறு வெட்டும் என்பன ஆட்டத்தையே அமைப்பன. அவற்றை மீறின் ஆட்டம் இல்லையாம். பலகையின் நடுவிடத்தை முதலிற் சிப்பாய்களாற் கைப்பற்றுக என்பது போல்வன அனுபவம் தந்த அறிவுரைகள். இவ்விரண்டாம் வகையைக் கேள்விக்கு உட்படுத்தல் தகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

1886-ல் உலக வீரர் பட்டம் பெற்ற ஸ்டைனிட்ஸ் கண்ட கொள்கைகளை ஜெர்மானிய வைத்தியராகிய டாராஷ் தெளிந்த சூத்திரங்களாக்கிப் பரப்பினார். நடுவில் நிற்குங் காய் பல கட்டங்களை ஆளும்; எதிரியின் காய்களுக்கு இடம் சுருங்கும். ஆதலின் அவ்விதி காரணமற்றதன்று.

முதல் மகாயுத்தத்தை அடுத்த ஆண்டுகளில் நிம்ஸோவிச், ரேட்டி முதலியோர் ஒரு வினா எழுப்பினர். நடுவிடத்தை ஆளுதற்கு அங்கே குடியேறுதல் வேண்டுமோ? தொலைவிலிருந்தே குதிரையாலும், கோணவழியே செல்லுங் காயாலும் அதனை ஆளலாகாதோ?

1921-ல் அலேகின் ஆடிய தற்காப்பு இதற்குச் சான்றாகும். வெள்ளையர் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரு கட்டம் நகர்த்தியவுடன், கறுப்பர் தம் குதிரையை வெளியேற்றி, அதனைத் துரத்துமாறு அழைக்கிறார். சிப்பாய்கள் துரத்திக்கொண்டு முன்னேறுகின்றன. ஆனால் சிப்பாய்க்குப் பின்வாங்கும் வழி இல்லையன்றோ? முன்சென்றவை யாவும் காக்கவேண்டிய சுமையாகின்றன. எனினும், கறுப்பர் அவற்றைக் காலத்தில் தாக்காராயின், இடமின்றித் தாமே நெருக்குண்டு தோற்பர்.

1924-ல் நியூயார்க் பந்தயத்தில், எட்டாண்டுகளாகத் தோல்வி காணாத உலக வீரர் காப்பபிளாங்காவை ரேட்டி இப்புதுமுறையால் 31 நகர்த்தல்களில் வென்றார். பழைய விதி மாண்டது எனப் பலரும் கருதியிருக்கலாம். ஆனால் அப்பந்தயத்திலேயே முதுவீரர் லாஸ்கர், நடுவிற் சிப்பாய்களை நிறுத்தி ஆடி, அதே முறையைக் கையாண்ட ரேட்டியை வென்றார். முதற் பரிசும் அவரதே.

இதனால் நாம் அறிவது யாது? நடுவிடத்தின் பெருமையை இரு சாராரும் மறுத்திலர். அதனை ஆளும் வழி ஒன்றே என்னுங் கொள்கை மட்டுமே வீழ்ந்தது. காரணம் உணராது விதியைக் காப்போனும், காரணம் உணராது அதனை மீறுவோனும் ஒரு தன்மையரே. ஆதலின், மாணவ நண்பர்காள், ஒரு விதியைக் கற்கும்போதே அது எதன்பொருட்டு எழுந்தது என வினவுக. அப்பொருள் வேறு வழியால் நிறைவேறுமிடத்து அவ்வழியிற் செல்ல அஞ்சற்க.