தலைவர் என்றால் யார்?

பள்ளிக்கூடம், தெரு, பேருந்து நிலையம் எனப் பலவற்றுக்கும் மனிதர்களின் பெயரை வைக்கிறோம். ஏன்? அவர்கள் செய்த நல்லதை நாம் மறக்கக் கூடாது.

ஐதராபாத்தில் ஏவுகணை ஆராய்ச்சி வளாகம் இருக்கிறது. 2015-ம் ஆண்டு அதற்கு அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். சென்னைக்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் இருக்கிறது. 2002-ம் ஆண்டு அதற்குச் சதீஷ் தவான் பெயரை வைத்தார்கள்.

கலாமை நமக்குத் தெரியும். ராமேசுவரத்துக்காரர். குடியரசுத் தலைவராக இருந்தவர். சதீஷ் தவான் யார்?

அவர் 1920-ல் ஸ்ரீநகரில் பிறந்தவர். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் என்ற பெரிய உயர்கல்வி நிலையம் உள்ளது. 1962 முதல் 1981 வரை அவர் அதன் இயக்குநர். 1972-ல் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பும் வந்தது. இரண்டு வேலைகளையும் சேர்த்தே பார்த்தார்.

அப்போது நம் நாடு ஒரு ராக்கெட் செய்தது. அதன் பெயர் எஸ்.எல்.வி.-3. உயரம் 22 மீட்டர். அதாவது ஏழு மாடி உயரம். அந்த வேலையை நடத்தியவர் கலாம்.

1979 ஆகஸ்ட் 10. ராக்கெட் மேலே போனது. இரண்டாம் அடுக்கில் கோளாறு ஏற்பட்டது. சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு வீணானது போல் இருந்தது. கலாம் மனம் உடைந்தார்.

பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். தவான் என்ன செய்தார்? தானே போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தார். பொறுப்பைத் தானே ஏற்றார். தன் ஆட்கள் அடுத்த முறை வெல்வார்கள் என்றார்.

1980 ஜூலை 18. மறுபடியும் ராக்கெட் கிளம்பியது. 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளை வானில் சேர்த்தது. நாடே மகிழ்ந்தது. இந்த முறை தவான் பத்திரிகைக்காரர்களிடம் பேசப் போகவில்லை. கலாமைப் போகச் சொன்னார்.

இதைக் கலாம் பல மேடைகளில் சொன்னார்.

இன்று நம் செயற்கைக்கோள்கள் பூமியைப் படம் எடுக்கின்றன. ஐதராபாத் பாலாநகரில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் அந்தப் படங்களை ஆராய்கிறது. எங்கே வெள்ளம், எங்கே பயிர் வாடுகிறது என்று அறிய அவை உதவுகின்றன.

எங்கள் மையத்தில் இந்தப் பாடத்தைப் படித்தோம். கட்டட வேலை செய்யும் ஓர் அம்மா கேட்டார்: "சுவர் கோணலானா எங்களைத்தானே திட்டுறாங்க. நல்லா வந்தா மேஸ்திரிக்குத்தானே பேரு?"

நியாயமான கேள்வி. எல்லாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளிர் குழுத் தலைவி சொன்னார்: "போன மாசம் கணக்கு தப்பாச்சு. நான் எழுதுன பொண்ணைத் திட்டினேன். நானும் சரிபார்த்திருக்கணும். நாளைக்கு அவகிட்ட சொல்லிடறேன்."

சிந்திப்போம்

1. 1979-ல் பத்திரிகைக்காரர்களிடம் பேசியவர் யார்? 1980-ல் பேசியவர் யார்?
2. உங்கள் வீட்டில், வேலை இடத்தில் தவறு நடந்தால் யார் பொறுப்பு ஏற்கிறார்கள்?
3. உங்கள் தெருவுக்கு யார் பெயர் இருக்கிறது? ஏன் என்று கேட்டு எழுதுங்கள்.