காற்று வாங்கிய கடைகள்

நம்பிக்கை: கொரோனா காலத்தில் வீட்டில் அடைபட்ட ஜனம் மலையையும் கடலையும் தேடி ஓடியது. சுற்றுலாத் தொழிலுக்கு அது பொற்காலம்.

உண்மை: ஓடியதென்னவோ நிஜம்தான். ஆனால் பெரும்பாலும் பக்கத்தில் இருந்த இடத்துக்கு. மொட்டை மாடியிலும் தெருக்கோடி மைதானத்திலும் நடந்தவர்கள் டிக்கெட் வாங்கவில்லை, ரூம் எடுக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு 2019இல் சுமார் 32.7 கோடி வருகைகள். 2020இல் அது 23.7 கோடியாக இறங்கியது. அதே ஆண்டில் யெல்லோஸ்டோன் ஏறக்குறைய இரண்டு மாதம் மூடிக் கிடந்துவிட்டு, அக்டோபரில் அந்த மாதத்துக்கு அதுவரை காணாத கூட்டத்தைப் பார்த்தது. கூட்டத்தைத்தான் படம் பிடித்துப் போட்டார்கள். பூட்டிய வாசலை யார் படம் எடுப்பார்கள்?

நம்பிக்கை: தடை விலகியதும் விட்டதைப் பிடித்துவிடலாம்.

உண்மை: இதை ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொல்லிப் பாருங்கள். அங்கே பலருக்கு ஏப்ரலும் மேயும்தான் வருஷம். மிச்ச மாதங்கள் அந்தக் காசில் ஓடும். 2020 சீசனை முதல் ஊரடங்கு விழுங்கியது. 2021இல் ஏப்ரல் 20 முதல் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் வரத் தடை. அடுத்தடுத்து இரண்டு கோடை போயிற்று. ஊட்டி மலர்க் கண்காட்சி 2022 மே மாதம்தான் மறுபடி நடந்தது.

மே மாதத்தில் காலியாகக் கிடந்த அறையை ஆகஸ்டில் சேர்த்து விற்க முடியாது. லாட்ஜ்காரராவது பூட்டிப் போட்டுக் கரண்ட் பில்லைக் குறைத்துக்கொள்ளலாம். ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவர்? சவாரி இல்லாத நாளிலும் குதிரைக்குப் பசிக்கும். கொள்ளுக்கும் புல்லுக்கும் காசு வேண்டும். சென்னை மெரினா கடற்கரையும் 2020 மார்ச்சில் மூடி, டிசம்பர் 14 அன்றுதான் திறந்தது. சுண்டல் விற்பவர் தூக்கைத் தெருவுக்குக் கொண்டுபோய்ப் பிழைத்திருக்கலாம். ராட்டினத்தையும் பலூன் சுடும் பலகையையும் எந்தத் தெருவில் வைப்பது?

நம்பிக்கை: வெளியே போவதுதான் ஆபத்து. அல்லது, அடிக்கிற வெயிலில் வைரஸ் செத்துவிடும்.

உண்மை: இரண்டும் தப்பு. மூச்சோடு வெளியேறும் நுண்திவலைகள் அடைத்த அறையில் தேங்கும். திறந்தவெளியில் காற்றில் கலைந்துபோகும். தொற்று பெரும்பாலும் கூரைக்குக் கீழேதான் பரவியது. வெயில் காப்பாற்றும் என்றால் இந்தியாவின் இரண்டாம் அலை ஏப்ரல், மே மாதங்களில் உச்சம் தொட்டிருக்கக் கூடாது. திறந்தவெளியில் ஆபத்து குறைவு என்பது எல்லாருக்கும் உறைக்கும் முன்னே, 2020 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் சான் கிளெமென்டேயில் ஸ்கேட்டிங் மைதானத்தில் டன் கணக்கில் மணலைக் கொட்டி மூடினார்கள். பையன்கள் என்ன செய்தார்கள்? மணலில் பைக் ஓட்டினார்கள்!

நம்பிக்கை: சைக்கிள் காலம் திரும்பிவிட்டது.

உண்மை: திரும்பியது, நிலைக்கவில்லை. 2020இல் பல நாடுகளில் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கடைக்காரர்கள் அள்ளி அள்ளி ஆர்டர் போட்டார்கள். சரக்கு வந்து இறங்கியபோது வாங்க ஆளில்லை. பிரிட்டனின் பெரிய இணைய சைக்கிள் கடையான விகிள் 2023 அக்டோபரில் திவால் நடவடிக்கைக்குள் போனது.

நம்பிக்கை: ஊர்விட்டு ஊர் போகக் கேட்ட இ-பாஸ் கொரோனாவோடு ஒழிந்தது.

உண்மை: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மறுபடி இ-பாஸ். இந்த முறை காரணம் கிருமி அல்ல, கார். 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. மலைப்பாதையில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு இதன் நியாயம் புரியும். நீலகிரி வியாபாரிகளோ எதிர்த்துக் கடையடைப்பு நடத்தினார்கள். இரண்டு கோடையைப் பறிகொடுத்தவர்களிடம் இ-பாஸ் என்றால் வேறென்ன செய்வார்கள்?